துருப்பிடித்த பூட்டு

தீ விபத்தில் ஒன்பது பேர் போன பிறகு, அன்றுதான் தையல் கம்பெனியை மறுபடி திறந்தார்கள்.

"நடந்தது நடந்துபோச்சு. இனிமே நான் மட்டும் மண்டையை உடைச்சுக்கிட்டா போதாது, நீங்களும் யோசிக்கணும். யோசனையை எழுதிப் பெட்டியில போடுங்க, பரிசு தர்றேன்" என்றார் முதலாளி.

சாயங்காலம் எல்லார் முன்னாலும் சாவிக்கொத்தை எடுத்து, வாசலில் வருஷக்கணக்காகத் தொங்கும் யோசனைப் பெட்டியை அவரே திறந்தார். பூட்டு துருவேறி, லேசில் திறக்கவில்லை. மேலே கிடந்த சீட்டுகளில் ஒன்றும் தேறவில்லை. அடியில் ஒன்று அவரை நிமிர வைத்தது.

"'வேலை நேரத்துல பின்கதவைப் பூட்டாதீங்க. தீப்பிடிச்சா ஓட வழியில்ல.' பாத்தீங்களா! இதை முன்னாடியே ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லியிருந்தா ஒன்பது உயிர் போயிருக்குமா? யாரும்மா எழுதினது? முன்னால வாங்க!"

யாரும் அசையவில்லை.

"அட, கூச்சப்படாதீங்க!"

மேற்பார்வையாளர் மெல்ல வந்து சீட்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பெயரும், போன வருஷத் தேதியும் இருந்தன.

"அவங்க வரமாட்டாங்க சார்" என்று சுவரில் மாட்டியிருந்த ஒன்பது போட்டோக்களைப் பார்த்தார். "வலது ஓரம்."

முதலாளி குனிந்து கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். பெட்டிச் சாவிக்குப் பக்கத்திலேயே பின்கதவுச் சாவியும் இருந்தது.