பட்டன் கடைக்காரிக்கு வந்த நோய்

“இவளுக்கு மாதவிலக்கு நின்னு அஞ்சாறு வருஷம் ஆச்சு டாக்டரம்மா. இப்போ திடீர்னு ரத்தம் படுது,” என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினாள் துணிக்கடைக்காரி.

பக்கத்து நாற்காலியில் பட்டன் கடைக்காரி. போன வருஷம்தான் துணிக்கடைக்கு அடுத்த கடையைப் பிடித்தவள். காற்று வாங்க வந்தவள் போலச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். இந்த டாக்டர் என்றால் வருகிறேன், இல்லாவிட்டால் ஆளை விடு என்று காலையில் அவள் பிடித்த பிடிவாதத்தில்தான் இங்கே வந்ததே.

துணிக்கடைக்காரிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எவ்வளவு நாளாக என்று டாக்டர் பட்டன் கடைக்காரியைக் கேட்டார்; பதில் துணிக்கடைக்காரியிடமிருந்து வந்தது. சர்க்கரை உண்டா என்றதற்கும் அவளே முந்திக்கொண்டாள். சரக்கின் மேல் ஆசை இருப்பதை வியாபாரியிடம் காட்டக் கூடாது என்பது அவள் தொழில் பாடம். சுவர்க் காலண்டரைப் பார்த்தபடியே பேசினாள்.

பிறகு பேரம் ஆரம்பித்தது. ஒரே ஒரு பொட்டு, அதையுமா கணக்கில் சேர்ப்பது என்றாள். நின்ற பிறகு ஒரு பொட்டு பட்டாலும் பார்த்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். உடம்புச் சூடாக இருக்கும், மாத்திரை போதாதா என்றாள். டாக்டர் இம்மியும் இறங்கவில்லை. முதலில் பரிசோதனை. அடுத்து ஸ்கேன் எடுத்துக் கர்ப்பப்பையின் உள்சவ்வு எவ்வளவு தடிமன் என்று பார்க்க வேண்டும். தடித்திருந்தால் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

“கேன்சரா இருக்குமா?” காலண்டரிலிருந்து கண் இறங்கிவிட்டது.

“பெரும்பாலும் இருக்காது. சவ்வு மெலிஞ்சாலும் ரத்தம் படும், சின்னதா சதை வளர்ந்தாலும் படும். அதுவாவே இருந்தாலும், ஆரம்பத்திலயே பார்த்தா குணமாக்க நல்ல வாய்ப்பு இருக்கு. தள்ளிப்போட்டாதான் வம்பு.”

“கடையில கூட்டம் ஓயட்டுமே...”

டாக்டர் எழுந்து, கையுறையை மாட்டிக்கொண்டு திரையை விலக்கினார். உள்ளே கட்டில்.

துணிக்கடைக்காரி முழங்கையால் இடித்தாள். “போய்ப் படுடி.”

பட்டன் கடைக்காரி அசையவில்லை. துணிக்கடைக்காரியின் கைப்பையை மட்டும் மெல்ல வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்குக் கர்ப்பப்பையே கிடையாதுக்கா. இதே டாக்டரம்மாதான் எப்பவோ எடுத்துட்டாங்க. நீங்க போய்ப் படுங்க, கடையை நான் பாத்துக்கறேன்.”