ஒன்பதாம் பக்கம்

"சார், உங்க திட்டத்துல வழியில நின்ன வண்டிக்கு மெக்கானிக் அனுப்புறது வருஷத்துக்கு நாலு தடவைதான். நாலும் முடிஞ்சிருச்சு."

புறவழிச்சாலை ஓரத்தில், திறந்த பானெட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த புரூஃப் ரீடர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை முறைத்துவிட்டு, மறுபடி வைத்துக்கொண்டார்.

பின்சீட்டில் மாமியார். பதினொரு மணிக்குக் கண் ஆபரேஷன். இன்றைக்கு விட்டால் டாக்டரிடம் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான். மணி இப்போதே ஒன்பதே முக்கால். டாக்ஸி வர ஒன்றரை மணி நேரமாகும் என்கிறது போன்.

"நான் ஒரு தடவைகூடக் கூப்பிடலையேம்மா."

"உங்க மனைவி கூப்பிட்டிருக்காங்க சார். ஒரு நீலக் கார். ஒரு வெள்ளை வேன். ஒரு பழைய சிவப்புக் கார். அப்புறம் ஒரு ஐஸ்கிரீம் வண்டி."

"எங்ககிட்ட இருக்கிறது இந்த ஒரே ஒரு சாம்பல் கலர் வண்டிதான்."

"இது வண்டிக்கு எடுக்கிற திட்டம் இல்ல சார், ஆளுக்கு எடுக்கிறது. நீங்களோ அவங்களோ எந்த வண்டியில இருந்தாலும் நாங்க வந்து பார்ப்போம். ஒன்பதாம் பக்கத்துல போட்டிருக்கே."

தனியாகக் காசு கட்டினால் மெக்கானிக்கை அனுப்பலாம், ஆனால் மற்ற உறுப்பினர்களின் வண்டிகளை எல்லாம் பார்த்துவிட்டுத்தான், மதியம் ஆகிவிடும் என்றும் அந்தப் பெண் தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

ஒன்பதாம் பக்கத்தைப் பற்றி அவருக்கே பாடமா? ஆறு கம்பெனித் திட்டங்களை மூன்று வாரம் அலசி இதைப் பிடித்தவரே அவர்தான். இருபத்திரண்டு பக்கக் கையேட்டைச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து வரி விடாமல் படித்து, பதினொரு பிழை கண்டுபிடித்துக் கம்பெனிக்கே எழுதிப் போட்டார். நன்றி சொல்லிப் பதில்கூட வந்தது. விட்டுப்போன காற்புள்ளியெல்லாம் கண்ணில் பட்டதே தவிர விஷயம் மண்டையில் ஏறவில்லை. முப்பது வருஷத் தொழில் புத்தி அப்படி.

டாஷ்போர்டைக் குடைந்து கையேட்டை எடுத்துப் பிரித்தார். 'உதவி கோரி அழைக்கும்போது உறுப்பினர் அந்த வாகனத்தினுள் இருக்க வேண்டும்.' அந்த வரியிலேயே பெரிதாக ஒரு சிவப்பு வட்டம். அவர் போட்டதுதான், விட்டுப்போன ஒரு காற்புள்ளிக்காக.

அது கிடக்கட்டும், நீலக் கார் யாருடையது?

மனைவி வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட். காலையில் பச்சைப் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்புவாள், சாயங்காலம் அதே ஸ்கூட்டரில் வந்து இறங்குவாள். நடுவில் இத்தனை வண்டி எங்கிருந்து வந்தது? அதிலும் ஐஸ்கிரீம் வண்டி. மூன்று தடவை போன் போட்டார். அவள் எடுக்கவில்லை.

"அத்தை, உங்க பொண்ணு யார் யார் வண்டியிலயோ ஏறிச் சுத்திட்டிருக்கா."

சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடியிருந்த மாமியார் திறக்காமலே பதில் சொன்னார். "எனக்குத்தான் கண்ணு தெரியாது மாப்பிள்ளை. நீங்களாவது பார்த்து வெச்சிருக்கக் கூடாதா?"

அவர் கையேட்டை மறுபடி புரட்டத் தொடங்கியபோது, முன்னால் ஒரு ஐஸ்கிரீம் வண்டி ஓரங்கட்டி நின்றது.

முறுக்கு மீசையும் ஏப்ரனுமாக இறங்கி வந்த ஆள் என்ன ஏது என்று விசாரித்தார். புரூஃப் ரீடர் ஆபரேஷனைச் சொன்னார், முடிந்துபோன நாலு தடவையைச் சொன்னார். மீசைக்காரர் தலையை ஆட்டிவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் முன் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். சீட் பெல்ட்டைக்கூடப் போட்டுக்கொண்டார். பிறகு போனை எடுத்தார்.

"வணக்கம்மா, நான் உங்க உறுப்பினர். புறவழிச்சாலையில ஒரு சாம்பல் கலர் வண்டிக்குள்ள உக்காந்திருக்கேன். வண்டி நின்னுபோச்சு. பின்னாடி ஆபரேஷனுக்குப் போற அம்மா இருக்காங்க."

இருபது நிமிஷத்தில் மெக்கானிக் வருவதாகப் பதில் வந்தது.

புரூஃப் ரீடருக்கு நன்றி சொல்வதா, சட்டையைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. "ஆமா, நீங்க யாருங்க?" என்று மட்டும் கேட்டார்.

"நாலு மாசம் முன்னாடி இதே ரோட்டுல என் வண்டி படுத்துருச்சு சார். சரக்கு பூரா உருகுது, நான் அழாத குறை. ஸ்கூட்டர்ல போன ஒரு அக்கா நிறுத்தினாங்க. இப்படித்தான் பக்கத்துல ஏறி உக்காந்து போன் பண்ணினாங்க. யாருன்னே தெரியாது. பச்சைப் பை நிறைய ரப்பர் பட்டையா வெச்சிருந்தாங்க."

பின்சீட்டில் மாமியாரின் ஒரு கண் திறந்தது.

நீங்களும் ஒரு திட்டம் எடுங்கள், அதில் ஒரு தடவையாவது முகம் தெரியாத ஆளுக்கென்று ஒதுக்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாளாம் அந்த அக்கா. மீசைக்காரர் சொன்னபடியே செய்துவிட்டார்.

"இப்படி ஒரு வழி இருக்குன்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்னு கேட்டேன் சார். அவங்க வீட்டுக்காரர் பெரிய படிப்பாளியாம். புத்தகத்துல இந்த ஒரு வரியைச் சுத்திச் சிவப்பு வட்டம் போட்டு வெச்சிருந்தாராம். அவரே வட்டம் போட்டிருக்காருன்னா ஏதோ நல்ல விஷயம்தான்னு படிச்சுப் பார்த்தாங்களாம்."

புரூஃப் ரீடர் கையிலிருந்த கையேட்டை மெல்ல மூடினார்.

போன் அடித்தது. மனைவி. "மூணு தடவை கூப்பிட்டிருக்கீங்க, என்னாச்சு? அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சா?"

நீலக் கார், வெள்ளை வேன், சிவப்புக் கார் என்று வரிசையாகக் கேட்க வைத்திருந்ததையெல்லாம் அவர் விட்டுவிட்டார்.

"போயிட்டே இருக்கோம், நேரத்துக்குப் போயிடுவோம். ஒண்ணுமில்ல, அடுத்த வருஷத்துக்கு நாலு பத்தாது போலிருக்கு. எட்டு தடவை இருக்கிற திட்டமா எடுத்துடலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."