தோள்மூட்டுக் கிரீம்

வயலால் வந்த பரமலிங்கத்தின் முதுகில் இன்றைக்கும் அந்தக் கிரீம் மணத்தது. மனைவி விமலேஸ்வரி கிட்டப் போய் மோந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, ஆர் தடவிவிட்டது?"

"ஆரும் இல்லை. நானே பூசினனான்."

தோள்மூட்டு இறுகி, தலைமயிரைச் சீவி இழுக்கக்கூட அவருக்குக் கை எழும்பாது. முதுகு வரைக்கும் தானே பூசினாராம். வீட்டு ட்யூப்போ அலுமாரியில் தொடாமல் கிடந்தது.

நோவுக் குளிசை வயிற்றைப் புண்ணாக்கும், கிரீமைத் தேய்த்துவிடுங்கோ என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து விமலேஸ்வரிதான் தேய்த்தாள். தேய்க்கும்போது வரம்பு வழக்கையும் சேர்த்தே தேய்ப்பாள். அவருடைய தம்பி பிரதாபன் வரம்பை வெட்டித் தள்ளியது, தகப்பனின் செத்த வீட்டில் முகத்தைத் திருப்பியது, ஒன்றையும் விடமாட்டாள்.

போன கிழமை பாதித் தேய்ப்பில், "இனி வேண்டாம், சுகம்" என்று பரமலிங்கம் சேட்டைப் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டார். மணம் மட்டும் நிற்கவில்லை.

மோந்து பார்த்த மறுநாள் காலை துணுக்காய்ச் சந்திப் பாமசியில் பிரதாபனின் மனைவி கஜனி நின்றாள். வழக்குத் தொடங்கியதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சில்லை. இருவரும் நிறை பார்க்கும் தராசைக் கவனமாகப் பார்த்தார்கள்.

"அந்த நோவுக் கிரீம் இன்னொண்டு தாங்கோ அண்ணை. இவருக்குத் தோள் எழும்புதில்லை."

"அதுக்குள்ள முடிஞ்சிட்டுதோ? ஒரு மூட்டுக்கு இவ்வளவு பூசக்கூடாது தங்கச்சி."

கஜனி சிரித்துச் சமாளித்தாள். விமலேஸ்வரி மனதுக்குள் கணக்குப் போட்டாள். அந்தக் கிரீம் இன்னொரு தோளுக்கும் போகிறது.

வீட்டுக்கு வந்து குசினிக்குள் இருந்து அழுதாள். சோறு அடிப்பிடித்து மணத்தபோதும் எழும்பவில்லை. பிள்ளைகளுக்கு எந்த வாயால் சொல்வது, இந்த வயதில் தாய் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? கடைசியில் அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள்: அது கஜனியாக மட்டும் இருக்கக்கூடாது, வேறு ஆராக இருந்தாலும் பரவாயில்லை.

மத்தியானம் பரமலிங்கம் வெளிக்கிட, பின்னாலேயே போனாள். வழக்கு முடியும்வரை இரு பகுதியும் கால் வைக்கக்கூடாது என்று நீதிமன்றம் சொன்ன துண்டுக் காணி அது. நடுவில் பாழடைந்த மோட்டர்க் கொட்டில். அதற்குள் அவர் புகுந்தார். வாசலில் கஜனியின் லேடீஸ் சைக்கிள் சாத்தியிருந்தது.

விமலேஸ்வரி பதுங்கிக் கிட்டப் போனாள். தகரத்தில் காதை வைத்தாள். உள்ளே ஒரு கதை இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. பரமலிங்கத்தின் முனகல் மட்டும் கேட்டது. இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் கேட்டிராத நிம்மதியான முனகல்.

வேலித் தடியொன்றைப் பிடுங்கிக்கொண்டு கதவை உதைத்தாள்.

"எடியே கஜனி! என்ர குடும்பத்தைக் குலைக்கவோடி நிக்கிறாய்?"

வெறும் மேலோடு குனிந்திருந்த பரமலிங்கம் நிமிரவில்லை. அவர் முதுகில் ஊர்ந்துகொண்டிருந்த கை சட்டென்று நின்றது. பிறகு பிரதாபன் மெல்லத் தன் சாரத்தில் கிரீமைத் துடைத்துக்கொண்டான்.

"சத்தியமா உங்கட மனுசனோட நான் இன்னும் கதைக்கிறேல்லை அண்ணி, தடவி மட்டும்தான் விடுறன்."