மூன்றாவது பெயர்

"இது யாரு புதுசா?"

கணினித் திரையைப் பார்த்து வாய்விட்டே கேட்டுவிட்டாள் ஆராய்ச்சி மாணவி.

அறிவியலில் மெஷின் லேர்னிங்கைப் பயன்படுத்துவது பற்றிய ஒரு பயிலரங்குக்குக் கட்டுரை அனுப்ப உட்கார்ந்திருந்தாள். ஐந்தரை மணி வரைதான் நேரம். அதற்குப் பிறகு ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. இப்போது மணி நாலே முக்கால்.

காலையில் மீட்டிங்குக்குக் கிளம்பும் முன் விண்ணப்பப் பக்கத்தை அவளுடைய கைடுதான் நிரப்பி வைத்திருந்தார். கட்டுரையாளர்கள் என்ற இடத்தில் முதலில் அவள் பெயர். அடுத்தது கைடு பெயர். அது வழக்கம்தான். மூன்றாவதாக, முன்பின் கேள்விப்படாத ஒரு பெண்ணின் பெயர் இருந்தது.

ஐந்து வருஷ உழைப்பு. ஏரித் தண்ணீரில் மிதக்கும் பாசியின் படத்தைக் காட்டினால், அது விஷப்பாசியா சாதுவான பாசியா என்று கணினி சொல்ல வேண்டும். அதைப் பழக்கி எடுப்பதற்குள் இவளுக்குக் கண்ணாடி பவர் இரண்டு தடவை ஏறிவிட்டது. மூன்று இடங்களில் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதுவும் போனால் இந்த வருஷமும் பட்டம் கிடையாது. கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் சலித்துப் போயிருந்தாள்.

"என்னம்மா, தனியா பேசிட்டிருக்க?"

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள் ஸ்லைடு அக்கா. ஆய்வக உதவியாளர். மாணவி வந்த நாளிலிருந்தே எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சொட்டுத் தண்ணீர் வைத்து ஸ்லைடு போடுவது, படம் எடுப்பது, ஒவ்வொரு படத்திலும் எது எந்தப் பாசி என்று குறிப்பது எல்லாம் அவள் வேலை. ஒன்பதாயிரம் படங்கள். அந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான் கணினியே படித்தது.

"சார் பண்ணியிருக்கிற வேலையைப் பாருங்க அக்கா. என் பேப்பர்ல யாரோ ஒரு பொம்பளையைச் சேர்த்துவிட்டிருக்காரு."

"யாரும்மா அது?"

"யாருக்குத் தெரியும்? அவரு மச்சினிச்சி பொண்ணு எங்கியோ ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்காளாம். அவளாத்தான் இருக்கும். ஓசியில பேர் வாங்கப் பாக்குறா."

அக்கா இப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு இங்க வந்து ஒரு ஸ்லைடாவது போட்டிருக்காளா?"

"இந்தப் பக்கம் தலையே காட்டினதில்ல."

"அப்புறம் என்ன? தூக்கிடு."

"சார் திட்டினா?"

"திட்டட்டுமே. இருபத்திரெண்டு வருஷமா நானும் பாக்குறேன். உழைக்கிறது ஒருத்தர், பேர் வாங்கிட்டுப் போறது இன்னொருத்தர். நீயாவது விட்டுக்கொடுக்காத."

தனக்காக இப்படிப் பேச ஒருவராவது இருக்கிறாரே என்று மாணவிக்குத் தெம்பு வந்தது. சாருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் நைச்சியமாகப் பேசி அவளையே தலையாட்ட வைத்துவிடுவார். கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது பெயருக்குப் பக்கத்தில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினாள்.

'நிச்சயமாக நீக்கவா?' என்றது திரை.

"பாருங்க அக்கா, இது கேட்டுட்டுச் செய்யுது. சாருக்கு அதுகூடத் தோணல."

அக்கா சிரித்தாள். இவள் 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

அப்புறம் நாலு பக்கக் கட்டுரையை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை சலித்துப் பார்த்தாள். கட்டுரைக்குள் யார் பெயரும் இருக்கக் கூடாது என்பது சட்டம். பெயரைப் பார்த்தால் நடுவர்களின் மனசு சாய்ந்துவிடுமாம். நன்றி சொல்லும் பத்தியைக்கூட எடுத்தாயிற்று. ஐந்து இருபதுக்கு அனுப்பினாள். வந்து சேர்ந்தது என்று பதில் வந்தது.

"போயிடுச்சு அக்கா!"

"இந்தத் தடவை கண்டிப்பா எடுத்துக்குவாங்க, பாரு." அக்கா ஃபிளாஸ்க்கில் இருந்த கடைசி டீயை அவளுக்கே ஊற்றிக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஸ்லைடுக்குக் குனிந்தாள்.

ஐந்தே முக்காலுக்கு மூச்சு வாங்க உள்ளே வந்தார் கைடு.

"அனுப்பியாச்சா?"

"ஆச்சு சார்."

"நேரம் முடிஞ்சுதா?"

"கால் மணி ஆகுது."

"இனிமே யார் பேரையும் எடுக்கவோ சேர்க்கவோ முடியாதில்ல? நல்லாப் பாத்துச் சொல்லும்மா."

ஆஹா, வருகிறார் வழிக்கு. மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

"முடியாது சார். யார் நினைச்சாலும் முடியாது."

"அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தார் கைடு. "இதுக்காகத்தான் உன்கிட்டகூட வாயைத் திறக்கல. உனக்கு முன்னாடி இருந்த பையனோட பேப்பர்ல இதே பேரைச் சேர்த்துட்டு, அவசரப்பட்டு அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டேன். கடைசி நேரத்துல மேலிடத்துல, பட்டம் வாங்காதவங்க பேரு எதுக்குன்னு அடிச்சுட்டாங்க. அன்னிக்கு அந்த முகத்தைப் பாக்க முடியல. இந்தத் தடவை எவனும் கை வைக்க முடியாது."

மாணவி திரையைத் திரும்பிப் பார்த்தாள்; அதில் இரண்டே பெயர்கள்.

கைடு மைக்ராஸ்கோப் பக்கம் திரும்பி, அந்த மூன்றாவது பெயரைச் சொல்லி, வாய் நிறையக் கூப்பிட்டார்.

"என்ன சார்?" என்று கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தாள் ஸ்லைடு அக்கா.