நாலடி

"இந்தக் கல்லை மட்டும் நம்பாதீங்க மேடம்," என்றார் பஞ்சநாதன்.

மரக்காணம் உப்பளத்தில் உப்புநீரின் அடர்த்தியை அளக்கப் பாத்திக்குப் பாத்தி சென்சார் நட்டுக்கொண்டிருந்தாள், கம்பெனி அனுப்பிய அந்தப் பெண். மோட்டார் கொட்டகை, கோயில் மதில், இந்த சர்வே கல் மூன்றும் இருக்கும் இடம் தெரிந்தால் போதும். அவற்றிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொரு சென்சாரும் தான் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுமாம்.

"ஏங்க, கல்லுக்கு என்ன?"

"எங்கண்ணன் நகத்தி நட்டுட்டான். என் பாத்தியில நாலடி போச்சு. பஞ்சாயத்துல வெச்சு நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். குடும்பத்தோட ஊரைவிட்டே போயிட்டான். இருபது வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. போன தை மாசம் செத்தான், போகல."

"சாவுக்குமா?"

"திருடன் சாவுக்கு எதுக்குங்க போவணும்?"

அவள் லேப்டாப்பில் கல்லை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டாள்.

"மத்த ரெண்டையும் வெச்சுக் கணக்குப் போட்டுட்டேன். கல்லு பழைய சர்வே படத்துல இருக்கிற எடத்துலயேதான் இருக்குது. கால்வாய்ப் பக்கத்து வரப்புல நட்ட சென்சார்தான் படத்துல இருக்கிற எல்லைக்கு நாலடி உள்ள காட்டுது. மழையில கரையிற வரப்பை வருஷா வருஷம் எந்தப் பக்கமா அணைப்பீங்க?"

"உள்பக்கமாத்தான். வெளிய போட்டா மண்ணை கால்வாய்த் தண்ணி அடிச்சுக்கிட்டுப்..."

பஞ்சநாதன் வரப்பைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் லேப்டாப்பை மூடினாள்.

"கல்லை நான் தொடவே இல்லைன்னு அப்பா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு, சித்தப்பா."