சினிமாவில் அடிபடாது

எசென் சட்டையைக் கழற்றியபோது ஜீபெக் பார்த்துவிட்டாள். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை கன்றிப் போயிருந்தது.

"என்னங்க இது?"

"விளக்குக் கம்பம் மேல சாஞ்சிடுச்சு. படப்பிடிப்புன்னா அப்படித்தான்."

"போன வாரம் ஏணின்னீங்க."

"போன வாரம் ஏணி. இந்த வாரம் கம்பம்." சிரித்தபடி மகளைத் தூக்கப் போனவன், பாதியிலேயே முகம் சுளித்துக் கையை எடுத்துக்கொண்டான்.

அவள் நம்பவில்லை. ஏணியுமில்லை, கம்பமுமில்லை. இது கோக்போரு. குதிரைமேல் இருந்தபடியே ஓர் ஆட்டு உடலுக்காக முட்டி மோதும் அந்த ஆட்டத்தில்தான் போன வருடம் அவன் விலா எலும்பு முறிந்து நுரையீரலில் குத்தியது. இன்னொரு முறை அப்படி விழுந்தால் உயிர் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவன் படுக்கையில் கிடந்த அந்தச் சமயத்தில்தான் டிவியில் நடிகர் தெமிர்லான் பேசினார்.

"கோக்போருவெல்லாம் ஒரு பொழுதுபோக்கா? சினிமாவுல பாருங்க, எத்தனை தடவை குதிரையிலேர்ந்து விழுந்திருக்கேன். ஒரு கீறல் உண்டா?"

நாடே காது கொடுத்துக் கேட்கும் மனிதர். பொய்யா சொல்வார்? இனி கோக்போரு கூடாது, சினிமா வேலைக்குத்தான் போக வேண்டும் என்று கணவன் கையை மகள் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள் ஜீபெக். அவனும் ஆட்டத்தை விட்டுவிட்டு, தெமிர்லானின் புதுப் படத்தில் விளக்குத் தூக்கும் வேலைக்குச் சேர்ந்தான். அப்படித்தான் சொன்னான்.

மறுநாள் அவன் கிளம்பியதும், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே மைதானத்துக்குப் போனாள். அணித்தலைவர் பக்கீத் சேணத்தை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"மறைக்காம சொல்லுங்கண்ணே. அவர எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"ஒளிக்கறதுக்கு அவன் என்ன ஆட்டுக்குட்டியா? நீ சத்தியம் வாங்கினதுலேர்ந்து இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலம்மா. உன் புண்ணியத்துல எல்லா ஆட்டமும் தோத்துக்கிட்டிருக்கோம்."

சேணத்தை விட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தலாஸ் ஆத்தங்கரையிலதான் படம் எடுக்கறாங்க. நீயே போய்ப் பாரு."

ஆற்றங்கரையில் கயிறு கட்டியிருந்தார்கள். ஊரே அங்கே நின்றிருந்தது. நீல அங்கி, நரித்தோல் தொப்பியோடு தெமிர்லான் குடை நிழலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அதே அங்கி, அதே தொப்பியில் இன்னொருவன், பாய்ந்து வந்த குதிரையிலிருந்து தலைகுப்புற விழுந்தான்.

"புழுதி பத்தல. மறுபடியும்," என்றது ஒலிபெருக்கி.

மறுபடியும் விழுந்தான்.

"போதும். சாரைக் கூப்பிடுங்க."

தெமிர்லான் தேநீரை வைத்துவிட்டு வந்தார். விழுந்தவன் கிடந்த இடத்தில் பதவிசாகப் படுத்தார். ஒரு பெண் ஓடிவந்து அவர் கன்னத்தில் மண் பூசிவிட்டாள். கேமரா நெருங்கியது. கூட்டம் கைதட்டியது.

விழுந்தவன் விலாவைப் பிடித்துக்கொண்டு கயிற்றோரம் வந்து தொப்பியைக் கழற்றினான். எதிரே ஜீபெக்.

அவள் வாய் திறக்குமுன் எசென் அவசரமாகச் சொன்னான்:

"சத்தியத்த மீறல, ஜீபெக். நீ சொன்ன சினிமாவுலதான் இருக்கேன்."