பின்பக்கக் குளம்

கல்லூரிக்குக் கிடைத்த பசுமை வளாகக் கேடயத்தை மரகதவல்லி மேடையில் வாங்கினாள். அந்தப் பெண்கள் கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் நடத்துபவள் அவள். விடுதிச் சாக்கடை பின்பக்கக் குளத்தில்தான் விழுகிறது என்று தெரிந்தும், பதவி உயர்வை நினைத்து வாயைத் திறக்கவில்லை. அப்போது மாணவி ஜெசிந்தா ஏறிவந்து, வண்ணத்தாள் சுற்றிய பாட்டிலைப் பரிசாக நீட்டினாள். உள்ளே கறுப்புத் தண்ணீர்.

“நம்ம குளந்தான் மிஸ். சாம்பிள் எடுத்ததும் மோந்து பாக்கணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?”

மரகதவல்லி கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திருகினாள். பீ நாற்றம் மேடையை நிறைத்தது. சிறப்பு விருந்தினர் பொன்னாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“மூடித் தொலைங்க மேடம்!” என்று பல்லைக் கடித்தார் முதல்வர்.

இத்தனை வருடத்தில் ஒருத்தியாவது செய்முறையை ஒழுங்காகச் செய்திருக்கிறாள் என்று மரகதவல்லிக்குத் தோன்றியது. ஏற்புரைக்கு மைக்கை நீட்டினார்கள். ஒரு கையில் கேடயம், மறு கையில் பாட்டில். மரகதவல்லி கேடயத்தைக் காலடியில் வைத்துவிட்டு மைக்கை வாங்கினாள்.